ராம் பம்பின் தோல் வாசர்

ஒண்டிக்கடை என்கிற ஊரில் எனக்கு ஒரு சின்னக் கடை. பைப்பு வேலை, பம்பு வேலை, வாசர் வெட்டுவது, தேய்ந்ததைப் பார்த்து அதற்கு ஈடாக ஒன்றைச் செய்து கொடுப்பது, இவைதான் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஏற்காட்டு மலையில் இந்த வேலையைச் செய்வதற்கு அது போதுமாக இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "பாய், இதுக்கு எதுல போட்டா நிக்கும்?"

அதற்குப் பதில் இடத்துக்கு இடம் மாறும். காப்பிப் பழம் ஊறிய தண்ணீர் இரும்புப் பைப்பைத் தின்றுவிடும். பித்தளை நிற்கும், ஆனால் ஆளில்லாத இடத்தில் திருடு போகும். பிளாஸ்டிக் பைப்பு மலிவு, காட்டெருமை ஒரு மிதி மிதித்தால் முடிந்தது. ரப்பர் வெயிலில் வெடிக்கும், எண்ணெயில் ஊதும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, போட்டுப் பார்த்துவிட்டு ஒரு மழைக்காலம் காத்திருப்பது.

எனக்கு மனிதர்களிடம் பேச வராது. யாராவது கடை வாசலில் வந்து நின்றால் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்வேன். எதிர் டீக்கடைக்காரர், "பாய் வாய் தெறக்கறதுக்குள்ள அந்த இரும்பு பேசிரும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அதற்கும் நான் பதில் சொன்னதில்லை.

மாரமங்கலத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு வீட்டில், தண்ணீர் ஏற்றும் பம்புக்கு வாசர் போட்டுக் கொடுத்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருக்கிறேன். வீட்டில்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரில் தம்பிக்காரர் ஒரு மார்கழிக் காலையில் என் கடைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். காப்பியும் மிளகும் போட்டிருக்கிற குடும்பம். அவருடைய அண்ணன் எஸ்டேட் வேலையை விட்டு வந்தபோது, எஸ்டேட்டில் கழித்துப் போட்ட ஒரு ராம் பம்பை வாங்கிவந்து வீட்டுக்குக் கீழே ஓடையில் வைத்திருந்தார். அந்தப் பம்புதான் இப்போது விட்டுவிட்டு அடிக்கிறது என்றார்.

ராம் பம்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அதற்குக் கரண்டு வேண்டாம், டீசல் வேண்டாம். ஓடைத் தண்ணீர் ஒரு பைப்பில் சரிந்து வந்து, பம்பின் வாய் வழியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். வேகம் கூடியதும் அந்தத் தண்ணீரே வாயில் இருக்கிற வட்டத் தட்டை, நாங்கள் வாசர் என்பதை, தூக்கி அடித்து மூடிவிடும். மூடிய அதிர்ச்சியில் கொஞ்சம் தண்ணீர் மேல் பைப்பில் ஏறும். பிறகு தட்டு தன் கனத்தால் கீழே விழும், மறுபடி தண்ணீர் கொட்டும், மறுபடி மூடும். இரவும் பகலும் இப்படி அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சில நாளில் அந்தச் சத்தம் காதில் விழாமலே போய்விடும். தட்டு எதனால் செய்யப்பட்டது, எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்துத்தான் அடியின் வேகம். லேசான தட்டு வேகமாக அடிக்கும். கனத்த தட்டு மெதுவாக அடிக்கும்.

பஸ்ஸில் போய் இறங்கி, இரண்டு பேரும் நடந்தோம். பனிமூட்டம் மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. பம்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது. டொக் என்று ஒன்று. பிறகு நான் எதிர்பார்த்த நேரத்தில் அடுத்தது வரவில்லை. நான் நின்றுவிட்டேன். வெகு நேரம் கழித்து வந்தது. தம்பிக்காரர் நடையை நிறுத்தி வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"அங்க ஒருத்தரு இதைத்தானுங்க கேட்டுட்டுக் கெடக்கறாரு" என்றார்.

அவருடைய அண்ணன் அதற்கு முந்தைய வருடம் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறி, உச்சியிலிருந்து விழுந்துவிட்டாராம். உயிர் தங்கியது. கையும் காலும் பேச்சும் போய்விட்டன. கண் மட்டும் சில சமயம் திறக்கும்.

ஓடையில் இறங்கி பம்பின் வாயைக் கழற்றினேன். தட்டு என் கையில் பிசுபிசுவென்று வந்தது. தம்பிக்காரர் எட்டிப் பார்த்து, ரப்பர் போய்விட்டதா என்று கேட்டார். நான் அதை முகர்ந்து பார்த்தேன். ரப்பர் இல்லை. கனத்த தோல், முதுகில் சின்னதாக ஒரு பித்தளை வில்லை. ஆவாரம்பட்டையில் பதம் செய்த தோலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை வருடம் தண்ணீரில் கிடந்திருக்காது.

தோல் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. காரணத்தை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அந்த ஓடை பிறக்கிற ஊற்று அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தம். கோயிலில் சாமி குளிக்கிற தண்ணீர் தலைமுறையாக அவர்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. பம்பு வந்த பிறகு, வீட்டுக்கு மேலே கட்டிய தொட்டியிலிருந்தே குடத்தில் பிடித்துக் கொடுத்துவந்தார்கள். தோல் பட்ட தண்ணீர் சாமிக்கு ஆகாது. அண்ணன் உள்ளே தோலைப் போட்டிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அதனாலதானுங்க சாமி அவரை மரத்துல இருந்து தள்ளி உட்டுருச்சு. பாய், இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். தோலு மட்டும் வேண்டாமுங்க. வேற எதுல வேணா போடுங்க."

எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. சாமி தண்ணீரில் தோலைப் போட்டது பாய் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் நான் மலையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பையிலிருந்த லாரி டியூப் ரப்பரை நாலு மடிப்பாக வெட்டி, ஒரு தகரத்தோடு சேர்த்துப் போல்ட்டுப் போட்டு, வாயில் மாட்டினேன். தட்டைக் கையால் அழுத்தி விட்டதும் பம்பு கிளம்பியது. மிருதுவாக, சீராக, வேகமாக அடித்தது. வேலை நன்றாக முடிந்தது என்று நினைத்தேன்.

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்லி தம்பிக்காரர் மேலே கூட்டிப்போனார். பள்ளத்தைப் பார்த்த அறையில் அண்ணன் படுத்திருந்தார். கட்டிலின் நான்கு காலும் மண் தரையில் குழி தோண்டிப் பதித்தவை. தலைமாட்டுச் சுவரோடு ஒட்டி, ஓடையிலிருந்து வரும் இரும்புப் பைப்பு தொட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்து, அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

"என்ன போட்டீங்க?" என்றார்.

ரப்பர் என்று சொன்னேன்.

"அவரைப் பாருங்க."

பார்த்தேன். அவருடைய மூச்சு மேலும் கீழும் பறந்துகொண்டிருந்தது. கீழே பம்பு டக்டக்கென்று அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் போர்வை எழுந்து இறங்கியது. ஏதோ தற்செயல் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே கவனித்தேன். ஒரு அடிகூடத் தப்பவில்லை. காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அக்கா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "விழுந்ததுல இருந்து இந்தச் சத்தத்தோடதானுங்க மூச்சு உடறாரு. இது ஓடற மாதிரி இருக்குதுங்க பாய். அவரு நடக்கறவரு" என்றார்.

தம்பிக்காரர் சிரிக்கப் பார்த்தார். "அண்ணி இப்படித்தானுங்க, ஊட்டுல பல்லி கத்துனாலும் கணக்கு வெப்பாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய கண்ணும் போர்வையின் மேலேயே இருந்தது.

நான் திரும்பி ஓடைக்குப் போய் ரப்பரின் மேல் இன்னொரு இரும்பு வில்லையைச் சேர்த்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கனம் ஏறியதும் டியூப் ரப்பர் மடங்கத் தொடங்கியது. ஒரு வாரம் தாங்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சேலத்துக்குப் போய் லேத்தில் கொடுத்துப் பித்தளையில் தட்டு கடைந்துகொண்டு வந்தேன். பார்வைக்கு அழகான சாமான். மெதுவாகத்தான் அடித்தது. ஆனால் ஒவ்வொரு அடியும் பள்ளம் முழுக்க மணி அடித்ததுபோல் ஒலித்தது. மேலே போய்ப் பார்த்தபோது அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த அடிக்காக அப்படியே நிறுத்திவைத்திருந்தார். அடி விழுந்ததும் உடம்பே ஒருமுறை தூக்கிப் போட்டது. வெளியே விட்டார். மறுபடி இழுத்து நிறுத்தினார். அந்த அக்காவின் உதடு வெளுத்திருந்தது. நான் ஓடி வந்து கையால் பம்பின் தட்டைத் தூக்கி நிறுத்தப் போனேன். பாதிப் படியில், நிறுத்தினால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தது. ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் இறங்கினேன். அப்படியே அடிக்க விட்டு, பம்பின் அருகில் உட்கார்ந்து, கையிலிருந்த துணியைக் கிழித்து, வாயின் விளிம்பில் திணித்துச் சத்தத்தை மட்டும் மட்டுப்படுத்தினேன். பித்தளைக்குப் பம்பின் வார்ப்பு இரும்பு வெகுநாள் தாங்காது, வெடித்துவிடும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அதுவரை எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். தவறாகப் போனால் தண்ணீர் ஒழுகும், மாற்றிக் கொடுப்பேன். இங்கே என் பைக்குள் இருப்பதில் எதை எடுத்தாலும் மேலே ஒரு மனிதனின் நெஞ்சு அதன்படி நடந்தது. மலையில் நிறையச் சொல்வார்கள், நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அன்று பையைத் திறக்கவே பயமாக இருந்தது.

பிறகு கித்தான் வைத்த பெல்ட்டு ரப்பரைப் போட்டுப் பார்த்தேன். கனம் சரியாக வந்தது. ஆனால் விறைப்பு அதிகம், தட்டு ஒரே அடியாக உட்காராமல் டொட்டொக் என்று இரண்டாக அடித்தது. அவருடைய மூச்சும் இடையில் ஒருமுறை இடறியது. அந்த அக்கா வாசலுக்கு வந்து, தம்பிக்காரர் இருக்கும்போதே என்னிடம் கேட்டார்.

"முன்ன இருந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அதையே போடுங்க."

தம்பிக்காரர், அதெல்லாம் இப்போது கிடைப்பதில்லை என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"தோலுதான். எனக்குத் தெரியும்" என்றார் அந்த அக்கா. "அவரு அறுக்கறப்ப நாந்தான் புடிச்சுட்டிருந்தேன். ரப்பரு நிக்கலைன்னு போட்டாரு."

தம்பிக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் சாமிக்கு அந்தத் தண்ணீரையா கொடுத்தீர்கள் என்று கேட்டார். அதற்கு அந்த அக்கா சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாமி கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். இனிமேல் கோயில் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டாம், பைப்பு தொடங்குவதற்கு மேலே ஊற்றுக் கண்ணிலேயே, தான் குளித்துவிட்டுப் போய் மொண்டு தலையில் கொண்டுவருவதாகச் சொன்னார். அந்த ஊற்று செங்குத்தான பாறைகளுக்கு மேலே இருந்தது. "தொட்டித் தண்ணி நம்முளுக்குப் போதும்" என்று முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தம்பிக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பிறகு, "போடுங்க பாய். ஆனா நாங் கூட நிக்க மாட்டேன்" என்றார்.

சேலத்தில் இரண்டு மூன்று இடத்தில் தேடினேன். எல்லா இடத்திலும் ரசாயனத்தில் பதம் செய்த குரோம் தோல்தான் இருந்தது. அது தண்ணீரில் கொழகொழத்துப் போகும். கடைசியில் ஒரு பழைய தோல் மண்டியில் ஆவாரம்பட்டையில் பதம் செய்த எருமைத் தோல் கிடைத்தது. வெட்டி, எண்ணெயில் ஊறப் போட்டு, பழைய பித்தளை வில்லையையே முதுகில் வைத்து எடுத்துப் போனேன். அன்று ஓடையில் நான் மட்டும்தான். போட்டு, தட்டை அழுத்தி விட்டேன். முதல் சில அடிகள் கடினமாக விழுந்தன. தோல் தண்ணீர் குடிக்கக் குடிக்க சத்தம் தணிந்தது. ஆள் செருப்பில்லாமல் மண்ணில் நடப்பதுபோல் இருந்தது.

மேலே அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூச்சு நிதானமாக வந்தது. அந்த அக்கா சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். கை மட்டும் நெஞ்சின் மேலே இருந்தது. எழுப்பாமல் வந்துவிட்டேன்.

வைகாசித் திருவிழாவுக்கு அந்த அக்கா ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்ததாகக் கேள்விப்பட்டேன். வேண்டுதல் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்களாம்.

ஐப்பசி மழையில் ஒருநாள், கடை திறக்கும்போதே தம்பிக்காரர் வாசலில் நனைந்துகொண்டு நின்றார். வாசர் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். பம்பு நன்றாக அடிக்கிறதாம். அதை நிறுத்த வேண்டுமாம்.

கையால் தட்டைத் தூக்கிப் பிடித்தால் நின்றுவிடும், அதற்கு நான் எதற்கு என்றேன்.

"நாங்க யாரும் கை வெக்க மாட்டோமுங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.

வீட்டு முற்றத்தில் உறவுக்காரர்கள் சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. உள்ளே அண்ணன் முன்பு போலவே படுத்திருந்தார். முகம் மட்டும் மெழுகு நிறத்தில் இருந்தது. முந்தின நாளிலிருந்து கண் திறக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, ஆனால் நாடி அடிக்கிறது என்றார் தம்பிக்காரர். எஸ்டேட் கம்பவுண்டருக்கு ஆள் போயிருந்தது. மழையில் வந்தபாடில்லை.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். ஓடைக்கல்லைப்போல் குளிர்ந்திருந்தது. ஆனால் அடித்தது. நிதானமாக, நான் வெட்டிப் போட்ட தோலின் வேகத்தில் அடித்தது. கையை விட்டுவிட்டுக் கட்டில் சட்டத்தைத் தொட்டேன். அதிலும் அடித்தது. சுவரோரப் பைப்பைத் தொட்டேன். அதிலும் அதேதான். பிறகு என் கையை என் முழங்காலில் வைத்தேன். தரையிலிருந்து என் கால் வழியாக அதே அடி வந்துகொண்டிருந்தது. போர்வை எழுந்து இறங்குவதுபோல் எனக்கும் தெரிந்தது. உயிர் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருக்கிறது என்று சொல்லவும் இல்லை.

அவரைத் தூக்கி வேறு இடத்தில் கிடத்திப் பார்க்கலாம் என்று மெல்லச் சொன்னேன். அந்த அக்கா தலையை ஆட்டினார். உயிர் ஊசலாடும்போது அசைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

"அது பாட்டுக்கு அடிச்சுட்டே இருந்தா அவரு எப்படிங்க போவாரு?" என்றார் என்னிடம். "நடந்துட்டே இருக்கறாரு பாய். நொம்ப தூரம் நடந்துட்டாரு. நிறுத்துங்க."

வெளியே வந்தபோது முற்றத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. படியில் இறங்க இறங்கச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓடை செம்மண் கலந்து ஓடியது. பம்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். தட்டு எழுந்தது, விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் இந்த முறை பிடித்துவிடலாம் என்று கையை நீட்டுவேன். அதற்குள் எழுந்துவிடும். வேகமான பம்பே இல்லை அது. என் கைதான் போகவில்லை. அவர் இறந்துவிட்டார் என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உயிரோடு இருந்தால் என்ன என்றும் அதே மனது கேட்டது.

பிஸ்மில்லா சொல்லி, கையை உள்ளே விட்டுத் தட்டைப் பிடித்து மேலே அழுத்தினேன்.

பள்ளம் முழுக்க அமைதியாகிவிட்டது. அது வரை கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. மழை இலையில் விழுவது, தூரத்தில் ஒரு பறவை, என் காதுக்குள் என் ரத்தம். தட்டின் பின்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஈரத் தோல் என் விரல்களுக்கு அடியில் உள்ளங்கை மாதிரி வழுவழுவென்று இருந்தது. நான் மூச்சு விடாமல் இருந்திருக்கிறேன் என்பது நெஞ்சு வலித்த பிறகுதான் தெரிந்தது. விட்டேன். அதன் பிறகும் மேலே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வெகு நேரம் வரவில்லை. மேலே எல்லோரும் என்னை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள் என்று தோன்றியது. வீடே அங்கே இல்லை என்றும் தோன்றியது. பனிமூட்டத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

பிறகு ஒரு பெண் குரல் எழுந்தது. அதைத் தொடர்ந்து மற்றவர்கள்.

கையை எடுத்தேன். தண்ணீரின் அழுத்தத்தில் தட்டு மூடியபடியே நின்றது. கை மரத்துப்போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தம்பிக்காரர் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. நான் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வேனோ என்று பயந்ததுபோல் தள்ளியே நின்றார்.

"வந்த சனம் பொழங்கித் தொட்டி காலிங்க பாய்" என்றார். "குளிப்பாட்டோணும். மறுபடி உட்டுருங்க."

அவரையே விடச் சொன்னேன். அவர் அசையவில்லை. நான் தட்டை ஒருமுறை கீழே அழுத்தி விட்டேன். தண்ணீர் கொட்டியது, தட்டு எழுந்து அடித்தது, விழுந்தது, மறுபடி அடித்தது. அதே நடை.

மேலே அழுகை சட்டென்று நின்றது.

தம்பிக்காரர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் படியேறினோம். அறை வாசலில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு, வாயில் முந்தானையையும் துண்டையும் வைத்தபடி கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் கணவரின் நெஞ்சில் பதித்திருந்தார். கீழே பம்பு அடித்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டார், ஏதோ இரண்டு சத்தங்களைப் பிரித்துப் பார்க்கிறவர்போல. யாரும் நகரவில்லை. தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கிய சத்தம் கேட்டது.

அப்புறம் அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லைங்க பாய்" என்றார். "இது வெறும் பம்புதான்."